போர் முடியும் வரைக்கும் மட்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் கையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கொடுத்தார்கள். உயரழுத்த மின்சாரத்தில் வேலை செய்கிறவர்கள் போடுவது. தடித்த ரப்பர், கிட்டத்தட்ட முழங்கை வரை வரும், அதன் மேல் தோல் உறை ஒன்று. போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். வாய்ப்பக்கத்தைப் பிடித்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்தால் உள்ளே காற்று அடைபட்டு ஐந்து விரலும் புடைத்து நிற்கும். அதைக் காதோரம் வைத்துக் கேட்க வேண்டும். மெல்லிதாக 'உஸ்' என்று சத்தம் வந்தால் எங்கோ ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அந்தக் கையுறையின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

என் கையுறையில் ஓட்டை இல்லை. அளவுதான் சேரவில்லை. ஒவ்வொரு விரல் முனையிலும் ஓர் அங்குலம் காலியாகத் தொங்கியது. மின்பாதையைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ரப்பர் மடிந்து வழுக்கும். ஸ்டோரில் போய்க் கேட்டேன். "இந்த சைஸ்தாம்மா வருது. அடுத்த இண்டென்ட்ல பார்க்கலாம்" என்றார் அங்கிருந்தவர். இண்டென்ட் என்றால் பொருள் கேட்டு எழுதும் கோரிக்கை. நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டுப் பேர் வேலை செய்த அந்தத் துணைமின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் பெண் நான் ஒருத்திதான். ஒருத்திக்காக யார் தனி இண்டென்ட் போடுவார்கள்? என் கைக்கான கையுறை வர இரண்டு வருஷம் ஆனது.

2022 அக்டோபர் 10ஆம் தேதி காலையில் உக்ரைனின் மின்கட்டமைப்பு மீது ரஷ்யா பெருமளவில் ஏவுகணை வீசத் தொடங்கிய செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கையுறைதான். படத்தில் ஒரு மின்மாற்றி எரிந்துகொண்டிருந்தது. கரும்புகை. எண்ணெய் எரிகிற புகை அப்படித்தான் இருக்கும். செய்தி வாசித்தவர் 'மின் உள்கட்டமைப்புக்குச் சேதம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த அளவு மின்மாற்றி ஒன்றின் எடை இருநூறு டன்னைத் தாண்டும். கடையில் போய் வாங்கிவர முடியாது. ஆர்டர் கொடுத்தால் செய்து முடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதைக் கொண்டுவர ரயிலும் பாலமும் சாலையும் தாங்க வேண்டும். அது எரிகிற நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மின்னோட்டத்தை நிறுத்தும் பெரிய சுவிட்சுகளான பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மிச்சம் இருக்கும் பாதைகளில் மின்சாரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த நேரத்தில் பதுங்கிடத்துக்கு ஓட வழியில்லை. அந்த 'யாரோ' ஒரு பெண்ணாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றுவரை நிறுத்தவில்லை.

அந்த நாட்டு மின்கட்டமைப்பின் கதை நம்ப முடியாத ஒரு தற்செயலோடு தொடங்குகிறது. ரஷ்ய, பெலாரஸ் கட்டமைப்புகளிலிருந்து பிரிந்து ஐரோப்பாவோடு இணைவதற்கு உக்ரைன் பல வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், யாருடைய துணையும் இல்லாமல் சில நாட்கள் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்குக் குறித்திருந்த நாள் 2022 பிப்ரவரி 24. அதிகாலையில் இணைப்பைத் துண்டித்தார்கள். சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. மூன்று நாள் சோதனை மூன்று வாரம் நீண்டது. மார்ச் 16ஆம் தேதி ஐரோப்பியக் கட்டமைப்போடு இணையும் வரை, குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில் அலைவெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்பதை, 50 ஹெர்ட்ஸில் தாங்கிப் பிடித்தார்கள். இதன் கடினம் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரு நகரத்து மக்கள் ஊரைவிட்டுப் போனால் அங்கே மின்தேவை விழும். ஒரு மின்பாதை அறுந்தால் வேறெங்கோ சுமை ஏறும். ஒவ்வொரு நிமிஷமும் உற்பத்தியும் தேவையும் தராசு போல நேராக நிற்க வேண்டும். முள் சாய்ந்தால் மொத்த நாடும் இருட்டு.

இந்த வேலையை ஆண்கள் மட்டும் செய்யவில்லை. சோவியத் காலத்திலிருந்தே அங்கே பொறியியல் படித்த பெண்கள் அதிகம். மின்நிலைய ஆய்வுக்கூடங்களிலும் கணக்கீட்டுப் பிரிவுகளிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் பல தலைமுறையாக இருக்கிறார்கள். போர்தான் பெண்களை எரிசக்தித் துறைக்குக் கூட்டிவந்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

செர்னோபிலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மின் உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பழைய எரிபொருளைக் குளிர்வித்துக் காவல் காக்க ஆட்கள் வேண்டும். பிப்ரவரி 23ஆம் தேதி இரவு வேலைக்குப் போனவர்கள் மறுநாள் காலையில் வீடு திரும்பியிருக்க வேண்டும். படைகள் வந்து நிலையத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த ஷிஃப்ட் மார்ச் 20 வரை முடியவில்லை. கிட்டத்தட்ட 600 மணி நேரம். துப்பாக்கி ஏந்தியவர்கள் நடமாடும் தாழ்வாரத்தில், மேசை மேலும் நாற்காலியிலும் தூங்கி எழுந்து, மறுபடி அதே மீட்டர்களைப் பார்த்து எழுதினார்கள். நடுவில் ஐந்து நாள் வெளி மின்சாரமும் போய், டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓட்டினார்கள். அந்த ஷிஃப்ட்டில் பெண்களும் இருந்தார்கள். தொடர்ந்து இரண்டு இரவு ஷிஃப்ட் பார்த்தாலே எனக்கு லாக் ஷீட்டில் எண்கள் நடுங்கும். இருபத்தைந்து நாள் என்பது என் கற்பனைக்கு எட்டவில்லை. அதிலும் மாதவிடாய், மாற்றுத் துணி, பூட்டு இல்லாத கழிப்பறைக் கதவு, வாசலில் அந்நியச் சிப்பாய். வரலாற்றுப் புத்தகங்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இரவு கழித்த எந்தப் பெண்ணும் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி நிலத்துக்கு அடியில் போகலாம். என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் அது.

உக்ரைனின் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வேண்டும். கரி வெட்டும் ஊர்களில் பாவ்லோஹ்ராத் முக்கியமானது. நாட்டின் கிழக்குப் பாதியில், போர்முனைக்கு அதிக தூரமில்லாத ஊர். ஆயிரக்கணக்கில் ஆண்கள் படைக்குப் போனார்கள். முக்கியத் தொழில்களுக்கு ஒரு பங்கு ஆண்களைப் படையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. அது போதவில்லை. கரி இல்லையென்றால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் சுரங்கத்தில் காற்றாடி சுற்றாது, தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடாது, ஆட்களை மேலே ஏற்றும் கூண்டும் நகராது. தாக்குதலில் மின்தடை வந்து தொழிலாளர்கள் நிலத்தடியில் மாட்டிக்கொண்டது பலமுறை நடந்திருக்கிறது. அந்த ஆழத்துக்குத்தான் பெண்கள் இறங்கினார்கள். கரிமுகத்தில் வெட்டும் வேலைக்குப் பெரும்பாலும் இல்லை. கன்வேயர் பட்டையைக் கவனிப்பது, மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது, சிறிய மின்ரயிலை ஓட்டுவது, வாயு அளவு பார்ப்பது. பலர் அதே சுரங்கத்தில் மேல்தளத்தில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். சிலருடைய அப்பாவும் அண்ணனும் கணவரும் இறங்கிய அதே கூண்டில் இப்போது அவர்கள் இறங்குகிறார்கள்.

அதற்கு முன்னால் ஏன் இறங்கவில்லை? சட்டம் விடவில்லை. உக்ரைனின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு 174ஆம் பிரிவில் கடினமான வேலைகளிலும் நிலத்தடி வேலைகளிலும் பெண்களை அமர்த்தத் தடை விதித்திருந்தது. 1993 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் பெண்கள் செய்யக்கூடாத வேலைகள் என்று ஒரு நீண்ட பட்டியலே போட்டது. சுமார் 450 வேலைகள். அதே மாதம் இன்னோர் ஆணை: ஷிஃப்ட் முழுக்கத் தொடர்ந்து தூக்குவதென்றால் ஒரு பெண் 7 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது.

ஏழு கிலோ! ஒரு வயதுக் குழந்தை அதைவிடக் கனக்கும். அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடமாடுகிறவளைப் பார்த்து எந்த ஆணையும் 'இறக்கி வை' என்று சொல்லவில்லை.

450 வேலைகளின் பட்டியல் 2017 அக்டோபரில் ரத்தானது. பெண்ணுரிமைக்காகப் பல வருஷம் போராடியவர்கள் வாங்கிய வெற்றி அது, போருக்கு முன்பே. ஆனால் 174ஆம் பிரிவு அப்படியே நின்றது. நிலத்தடி வேலையில் பெண்களைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 45ஆம் உடன்படிக்கையும் பின்னால் இருந்தது. 1935இல் எழுதியது. அதை அந்த அமைப்பே ஒரு வழியாக 2024 ஜூனில்தான் நீக்கியது.

2022 மார்ச் 15ஆம் தேதி, படையெடுப்பு நடந்து மூன்று வாரத்துக்குள், உக்ரைன் நாடாளுமன்றம் போர்க்கால வேலை உறவுகள் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் ஒன்பதாவது பிரிவு சொல்வது இது: ராணுவச் சட்டம் அமலில் இருக்கும் காலத்தில், கர்ப்பிணிகளும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களும் தவிர்த்து, பெண்களை அவர்கள் சம்மதத்தோடு கடினமான, ஆபத்தான, நிலத்தடி வேலைகளில் அமர்த்தலாம்.

இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடங்கள் என்னை உறுத்தின.

ஒன்று, 'சம்மதத்தோடு'. நல்ல சொல். ஆனால் கணவன் போர்முனையில், வீட்டு வாடகை வாசலில், ஊரில் மற்ற வேலைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, சுரங்கத்தில் மட்டும் சம்பளம் கொஞ்சம் அதிகம் என்றால் அந்தச் சம்மதம் எவ்வளவு சம்மதம்? அதற்காகத் தடையே நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆண்களும் இதே நெருக்கடியில்தான் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் ஏறியிருக்கிறார்கள். அவர்களை யாரும் சம்மதம் கேட்டதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: சம்மதம் வாங்குகிறவர்கள் கூடவே அளவான தலைக்கவசமும், கீழே ஒரு கழிப்பறையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் தந்தார்களா? பதுங்கிடம் இல்லாத பள்ளியில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாத நாடு அது. பல ஊர்களில் பாடம் கணினித் திரையில்தான். பத்து வயதுப் பிள்ளை மின்சாரம் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க, அவன் அம்மா அந்த மின்சாரத்தை உண்டாக்க நிலத்தடியில் இருக்கிறாள். இதற்குப் பெயர் வாய்ப்பு என்றால், பாதி வாய்ப்பு.

இரண்டாவது உறுத்தல், 'ராணுவச் சட்டம் அமலில் இருக்கும் காலத்தில்'. கதவைத் திறக்கும் கையே அதற்குப் பூட்டும் கொண்டுவந்திருக்கிறது. இதே சட்டத்தின் வேறொரு பிரிவு, போர்க்காலத்துக்கு மட்டும், அல்லது தற்காலிகமாக இல்லாத ஒருவரின் இடத்தில் மட்டும், காலவரை வைத்து ஆள் எடுக்கலாம் என்கிறது. படைக்குப் போனவரின் வேலையும் பதவியும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது நியாயமானதுதான். உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருகிறவனுக்கு அவன் இடம் வேண்டும். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சுரங்கத்தடியில் பம்பு ஓட்டுகிற பெண் உட்கார்ந்திருப்பது இன்னொருவருடைய நாற்காலி. சமாதானம் கையெழுத்தாகிற நாளில் அவளுடைய வேலை சட்டவிரோதமாகக்கூட ஆகலாம். ஊரெல்லாம் கொண்டாடுகிற அந்த நாளை அவள் எப்படி எதிர்பார்ப்பாள்? போர் முடிய வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகம் ஏங்குகிறவள் அவள். அவள் கணவன் அங்கே இருக்கிறான்.

இது புதுக் கதையும் இல்லை. பழைய கதையின் நாயகி ஒருத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் துறையோடு அவளுக்கு உள்ள தொடர்பு அப்படி.

அனல்மின் நிலையமோ அணுமின் நிலையமோ, எதில் போய்ப் பார்த்தாலும் நடுவில் நீராவிச் சுழலி இருக்கும். மின் உற்பத்திக்கான அதன் நவீன வடிவத்தை 1884இல் உருவாக்கியவர் சார்லஸ் பார்சன்ஸ். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹீட்டன் என்ற இடத்தில் அவருக்குத் தொழிற்சாலை. அவருடைய மகள் ரேச்சல். கேம்பிரிட்ஜில் 1910இல் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தாள். அங்கே பொறியியல் படித்த முதல் பெண்களில் ஒருத்தி. பட்டம் தரமாட்டார்கள். 1948 வரை கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. முதல் உலகப்போர் வந்தது. தொழிற்சாலை இயக்குநராக இருந்த தம்பி படைக்குப் போனான். அந்த இடத்தில் ரேச்சல் உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். 1918இல் தம்பி போர்முனையில் இறந்துபோனான். அவன் திரும்பி வரப்போவதில்லை. அந்த நாற்காலிக்கு வேறு வாரிசும் இல்லை. ஆனாலும் போர் முடிந்ததும் அப்பா மகளை அதில் தொடர விடவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் அதன் பிறகு ஒட்டவே இல்லை.

ஒரு குடும்பத்துக்குள் நடந்தது நாடு முழுக்கவும் நடந்தது. 1918இல் எடுத்த ஒளிப்படங்கள் இருக்கின்றன: லண்டன் எரிவாயு ஆலையில் கோக் என்னும் சுட்ட கரியை அள்ளும் பெண்கள். முகமெல்லாம் கரி, தலையில் கட்டிய துணி, கையில் பெரிய மண்வாரி. சிலர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மறுவருஷம் அவர்கள் அங்கே இல்லை. 'போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்கும் சட்டம்' என்று ஒன்றை 1919இல் நிறைவேற்றினார்கள். படைக்குப் போன ஆண்களுக்கு அவர்கள் இடத்தைத் திருப்பித் தருவதாகத் தொழிற்சங்கங்களுக்கு 1915லேயே அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அதாவது அந்தப் பெண்கள் உள்ளே வந்தபோதே வெளியே போகும் தேதியும் எழுதப்பட்டிருந்தது. பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதே வருஷம் ஜூன் 23ஆம் தேதி ரேச்சலும் அவள் அம்மா கேத்தரினும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து பெண் பொறியாளர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அழிக்கும் கருவிகளைச் செய்யப் பெண்களைக் கூப்பிட்டீர்கள், அமைதிக்கான கருவிகளைச் செய்ய மட்டும் விடமாட்டேன் என்கிறீர்களே என்று கேத்தரின் அப்போது மேடையில் கேட்டார். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கேள்வியைப் பாவ்லோஹ்ராத்திலிருந்து ஒரு பெண் இன்று கேட்டாலும் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியிருக்காது.

அந்தச் சங்கத்தின் முதல் செயலாளர் கரோலின் ஹாஸ்லெட். கொதிகலன் நிறுவனத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து, போர்க்காலத்தில் பொறியியல் பக்கம் போனவர். போருக்குப் பிறகும் திரும்பி எழுத்தராகவில்லை. மின்சாரம் வீட்டுக்குள் வந்தால் பெண்களின் முதுகு ஒடியும் வேலை குறையும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளில் மின்கம்பி அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க ஒரு குழு போட்டார்கள். அதில் இருந்த ஒரே பெண் ஹாஸ்லெட். அந்தக் குழுவின் வேலையிலிருந்துதான் செவ்வக முள் கொண்ட பிரிட்டிஷ் மூன்றுமுனை பிளக் வந்தது. அதன் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய் ஒரு தடுப்பைத் திறந்தால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும். வெறுமனே விரலையோ ஆணியையோ விட்டால் உள்ளே போகாது. தவழும் குழந்தை இருக்கிற வீட்டை அறிந்தவர் ஒருவராவது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். போர் நடக்கும்போதே, திரும்பக் கட்டும் திட்டத்தில், முடிவெடுக்கும் இடத்தில்.

இன்னொரு பெயரும் சொல்லியாக வேண்டும், பியாட்ரிஸ் ஷில்லிங். 1920களில் டெவன் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோன மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரிடம் பயிற்சிக்குச் சேர்ந்த பெண். சிறிய மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்தாள். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கை அப்போது இருந்தது. பெண் பொறியாளர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். 1934இல் பொறுப்பான பதவியில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஷில்லிங் பிறகு விமானப் பொறியாளரானார். 1941இல் போர்விமான எஞ்சின்கள் திடீரென்று கீழ்நோக்கிப் பாயும்போது எரிபொருள் வெள்ளமாகி அணைந்துபோகும் கோளாறுக்கு, ஒரு சிறிய உலோக வளையத்தால் தீர்வு கண்டார். பெண் என்பதற்காக இரவு ஷிஃப்ட்டில் சட்டம் துரத்திய ஒருத்தி. இரவு ஷிஃப்ட் பார்த்தவள் என்பதால் இவள் மேல் எனக்குத் தனிப் பாசம்.

சோவியத் பக்கமும் இதே வட்டம்தான். 1943க்குப் பிறகு, தண்ணீர் நிரம்பிக் கிடந்த கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் கரிச் சுரங்கங்களை மீட்டெடுத்தவர்களில் பெண்கள் ஏராளம். 1957இல் நிலத்தடி வேலையிலிருந்து பெண்களை விலக்க அரசு ஆணையிட்டது. அதில் மகிழ்ந்த பெண்களும் இருந்திருப்பார்கள், மறுக்கமாட்டேன். சுரங்கம் நுரையீரலைத் தின்னும் இடம். ஆனால் போக விரும்புகிறவளைப் போகவிடுவதும் இருக்க விரும்புகிறவளை இருக்கவிடுவதும் அரசாணையில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அபாயம்தான் காரணமென்றால் தூசியைக் குறைத்திருக்கலாம். அது ஆண்களின் நுரையீரலையும் காப்பாற்றியிருக்கும்.

சமாதானக் காலத்து நிலைமையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019இல் வெளியிட்ட கணக்கில், புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் பெண்கள் 32 சதவீதம், எண்ணெய் எரிவாயுத் துறையில் 22 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். அந்த 32 சதவீதத்தைப் பிரித்தால் அலுவலக நிர்வாக வேலைகளில் 45, அறிவியல் பொறியியல் வேலைகளில் 28. கோப்பு இருக்கும் மாடியில் கூட்டம், கம்பி இருக்கும் களத்தில் குறைவு. போர் அந்தக் களத்துப் பக்கத்தைத்தான் காலி செய்கிறது. அதனால்தான் போர்க்காலத்தில் பெண்கள் நுழையும் இடமும் அதுவாக இருக்கிறது.

உக்ரைனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறுபது லட்சம் பேருக்கு மேல் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதனால் ஆண்கள் போர்முனையில், பெண்களில் ஒரு பெரும் பங்கு வெளிநாட்டில். எஞ்சியிருப்பவர்கள் கையில்தான் நாட்டின் மின்சாரம். 2022 நவம்பர் 23ஆம் தேதி தாக்குதலுக்குப் பிறகு, உக்ரைன் வசமிருந்த எல்லா அணுமின் நிலையங்களும் கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. அவற்றை மறுபடி இணைத்தார்கள். 2024 ஏப்ரலில் கீவுக்குத் தெற்கே திரிபில்யா அனல்மின் நிலையம் ஏறத்தாழ மொத்தமாக அழிந்தது. இப்படி ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டிய நாட்டில், போர் முடிந்ததும் வேலைக்கு ஆள் அதிகமாகி யாரையாவது வெளியே அனுப்ப வேண்டிவரும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். திரும்பி வருகிற ஆணுக்கும் இடம் இருக்கும், ஏற்கெனவே இருக்கிற பெண்ணுக்கும் இடம் இருக்கும். கால் இழந்து வருகிறவனுக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இருக்கை இருக்கும். அவன் பழைய கன்வேயரை ஓட்டுகிறவளுக்கு அந்தக் கன்வேயர் இருக்கும். இதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். ஒன்பதாவது பிரிவிலிருந்து அந்தக் காலவரையறையை எடுக்க வேண்டும். 174ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். தற்காலிக ஒப்பந்தத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தவளை நிரந்தரமாக்க வேண்டும். போர் நடக்கும்போதே செய்ய வேண்டும். 1919இல் கேட்டவர்கள் தாமதமாகத்தான் கேட்டார்கள்.

என் கதையில் போர் எதுவும் இல்லை. ஆனால் தற்காலிகம் என்ற சொல்லை நானும் அறிவேன். என்னைக் களத்தில் போட்டபோது மேலதிகாரி சொன்னார், "ஆள் பற்றாக்குறை, அதனால்தாம்மா. ஆள் வந்ததும் உங்களை ஆபீஸ் பக்கம் மாத்திடறேன், கவலைப்படாதீங்க." கவலைப்பட வேண்டாம் என்றது எனக்கு ஆறுதலாகத்தான். என் கவலை நேர் எதிரானது. ஆள் வந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு மாதமும் பயந்தேன். மின்பாதையை நிறுத்தி அதில் வேலை செய்ய அனுமதிக்கும் லைன் கிளியர் கொடுப்பதும், பாதுகாப்புக்காக அந்தப் பாதையை மண்ணோடு இணைக்கும் எர்த் ராட் போடுவதும், மழையிரவில் யார்டில் டார்ச் அடித்து பிரேக்கரின் நிலையைப் பார்த்து வருவதும் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்ல ஒரு வருஷம் ஆனது. சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். யாரும் கேட்கவில்லையே என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்த கையுறை எட்டாம் நம்பர். போட்டதும் விரல் முனை ரப்பரின் முனையைத் தொட்டது. ஐசொலேட்டர் கைப்பிடியைப் பிடித்தபோது அதன் குளிர்ச்சிகூட ரப்பர் வழியே தெரிந்தது. வேறு வேலைக்கு மாறிப் போகும்போது, என் பேரில் இருந்த எல்லாவற்றையும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தேன். அந்த அளவு இனி யாருக்கு என்று பழைய சாமான்களோடு போட்டுவிடுவார்களோ என்று சந்தேகம். அதே மனிதர்தான் இருந்தார். ரேக்கில் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, ஒரு அட்டையில் '8' என்று எழுதிக் கட்டச் சொன்னேன். கட்டினார்.

போன வருஷம் அந்த நிலையத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். யார்டுக்குப் போகும் கதவுப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள், சேர்ந்து நாலு மாதம் ஆனவளாம். கையுறையின் வாயைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் புடைத்து நின்றன. அதைக் காதோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்று கையைக் காட்டினாள்.